இல்லத்து உடற்பயிற்சிக் கருவிகள் : மரபா, திறனா?

முன்னுரை

உடல் வலிமையைப் பாடுபொருளாகப் போற்றிய மரபு தமிழ் மரபு. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற மற்போரைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பெயரை விரும்பிப் பூண்டான். அப்பெயர் கடற்கரையில் மாமல்லபுரமாக இன்றும் நிலைத்து நிற்கின்றது. உடம்பை முன்னர் இழிவாகக் கருதியிருந்த தாம், பின்னர் அதன் உயர்வை உணர்ந்து பேணலானதைத் திருமூலர் திருமந்திரத்தில் எடுத்துரைக்கின்றார்.

அன்றைய வாழ்வில் உடற்பயிற்சி தனித்த ஒரு கடமையாக இருந்ததில்லை. கிணற்றில் நீர் இறைத்தல், உரலில் நெல் குத்துதல், அம்மியில் அரைத்தல், ஆட்டுக்கல்லில் மாவாட்டுதல் என நாள்முழுதும் உடல் இயங்கியது. அவ்வேலைகளை இன்று மின்விசை ஏற்றுக்கொண்டது. உழைப்பு குறைந்ததனால் கிடைத்த ஓய்வு வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த ஓய்வுக்கு உடல் ஒரு விலை கொடுத்து வருகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு தழுவி நிகழ்த்தப்பெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. எனவேதான் வீட்டிற்குள் உடற்பயிற்சிக் கருவி ஒன்றை வாங்கி வைக்கும் வழக்கம் நகரங்களைக் கடந்து நம் சிற்றூர்களிலும் பரவி வருகின்றது.

இக்கட்டுரை எழுதப்படுவதற்கு என் இல்லத்து நிகழ்வொன்றும் காரணம். எழுபத்தோர் அகவையுடைய என் தாயார், மொட்டை மாடியில் வற்றல் காயவைத்துவிட்டு இறங்கும்போது கடைசிப் படியில் தடுமாறி விழுந்தார்கள். இறையருளால் எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றுமுதல் படிக்கட்டைக் கண்டாலே அஞ்சினார்கள். "மருந்தைவிடக் கால் தசைகளுக்கு வலுவூட்டுவதே இன்றியமையாதது" என்றார் மருத்துவர். வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் அண்ணன் செய்தியறிந்து உடனே தொலைபேசியில் அழைத்தார். "அம்மாவுக்குத் திரை பொருத்திய நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிவிடு, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே" என்றார். அன்பினால் எழுந்த சொல் அது. எனினும் வாங்குவதற்குமுன் ஆராய்ந்தறிவது கடமை எனக் கருதினேன். அந்த ஆராய்ச்சியின் பயனை மாணவச் செல்வங்களோடும் சான்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபுக் கருவிகள்

மரபுக் கருவிகள் என்பன மின்னணுத் துணையோ இணையத் தொடர்போ இன்றி இயங்குவன. நம் மண்ணுக்குரிய கர்லாக்கட்டை இவற்றுள் தலையாயது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் கர்லாப் பயிற்சியைக் கண்டு வியந்து, அதனைத் தம் நாட்டிற்கும் கொண்டுசென்றனர். அங்கு 'இந்தியக் கட்டை' எனப் பெயர்பெற்ற அக்கருவியைச் சுழற்றும் போட்டி, 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் விளையாட்டில் இடம்பெற்றது என்பது நம் இளைஞர் பலரும் அறியாத செய்தி. தென்மாவட்டச் சிற்றூர்களில் காணப்பெறும் இளவட்டக்கல்லும் இவ்வகையைச் சார்ந்ததே. டம்பெல், பார்பெல், உருசிய நாட்டிலிருந்து பரவிய கெட்டில்பெல், இழுக்கும் ரப்பர்ப் பட்டை, மின்னிணைப்பு இல்லாத நிலைச் சைக்கிள் ஆகியனவும் இதன்பாற்படும்.

டிரெட்மில்லின் வரலாறு சுவையானது. 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர், சிறைக் கைதிகளுக்குக் கடுந்தண்டனையாக மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். படிகள் பொருத்திய அச்சக்கரத்தில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தனர். தண்டனைக் கருவியின் பெயரைத் தாங்கிய இயந்திரத்தை, இருபதாம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இதய நோயை அறியும் சோதனைக்குப் பயன்படுத்தினார். இன்று நம் மருத்துவமனைகளில் டி.எம்.டி. எனச் சுட்டப்படும் சோதனை அதன் வழிவந்ததேயாகும். அன்று கட்டாயத்தால் ஏறிய கருவியில், இன்று பணம் கொடுத்து விரும்பி ஏறுகின்றோம்.

மரபுக் கருவிகளுள் எடை வகையைச் சார்ந்தவை புவியீர்ப்பு விசையையே எதிர்விசையாகக் கொள்கின்றன. ஐந்து கிலோ இரும்பு இன்றும் ஐந்து கிலோ; இருபதாண்டுகள் கழித்தும் ஐந்து கிலோ. அதற்கு மின்சாரம் வேண்டா. பழுது பார்ப்பவரும் பெரும்பாலும் வேண்டா. தந்தை வாங்கியதை மகனும் பேரனும் பயன்படுத்தலாம். விற்க நேர்ந்தாலும் ஓரளவு விலைபோகும். இவை இதன் சிறப்புகள். ஆனால் இரும்பு வாய்திறந்து பேசாது. முதுகை வளைத்துத் தவறாகத் தூக்கினாலும் திருத்தாது. ஒரு வாரம் தொடாமல் விட்டாலும் ஏனென்று கேளாது. ஆசான் இல்லாத இடத்தில் மரபுக் கருவி பாதிக் கருவியே எனலாம்.

திறன் கருவிகள்

'ஸ்மார்ட்' என வணிக உலகம் வழங்கும் கருவிகளை ஈண்டுத் திறன் கருவிகள் எனக் குறிப்போம். இவற்றில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது உணரி: மிதியின் சுழற்சியையும், விசையின் அளவையும், நாடித்துடிப்பையும் அளப்பது. இரண்டாவது, எதிர்விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு. மூன்றாவது, திரையும் இணையத் தொடர்பும். பயிற்சி வகுப்புகள் வருவதும், நம்முடைய பதிவுகள் செல்வதும் இதன் வழியேதான்.

இரண்டாம் கூறு எங்ஙனம் இயங்குகின்றது என்பதை அறிவது பயனுடைத்து. சைக்கிளின் கனத்த உலோகச் சக்கரம் சுழலும்போது அதனருகே காந்தத்தைக் கொணர்ந்தால், சக்கரத்தில் சுழல்மின்னோட்டம் தோன்றி அதன் ஓட்டத்தை எதிர்க்கும். காந்தம் நெருங்க நெருங்க மிதிப்பது கடினமாகும். எளிய சைக்கிளில் காந்தத்தைத் திருகு ஒன்றால் நாமே நகர்த்துகின்றோம். சில திறன் சைக்கிள்களில் செயலியின் கட்டளைப்படி சிறு மோட்டார் ஒன்று நகர்த்துகின்றது. இயற்பியல் இரண்டிற்கும் ஒன்றே. அமெரிக்க நிறுவனமாகிய டோனல் 2018இல் வெளியிட்ட சுவர்க்கருவி, இரும்பு எடைகளே இல்லாமல் மின்காந்த விசையால் 90 கிலோ அளவிற்கு எதிர்விசை தந்தது.

இக்கருவிகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. கூடத்திற்குச் சென்று பயில இயலாதோர்க்கு, குறிப்பாக நம் இல்லத்துப் பெண்களுக்கு, ஆசிரியரை வீட்டிற்குள் அழைத்து வரும் ஆற்றல் இவற்றிற்கு உண்டு. கைக்குழந்தையை உறங்கவைத்துவிட்டு இருபது நிமிடம் பயிலலாம். நேற்றைவிட இன்று எவ்வளவு முன்னேறினோம் என்பதைக் கணக்கோடு காட்டும். நெடுந்தொலைவுச் சைக்கிள் போட்டிக்குப் பயில்வோர்க்கு விசையைத் துல்லியமாக அளந்து தருதல் பெருந்துணை. தனிமையில் சலிப்புறுவோர்க்கு உடன்பயில்வோர் இருக்கின்றனர் என்னும் உணர்வையும் இவை ஊட்டுகின்றன.

உடைமையும் சந்தாவும்

எனினும், வாங்கிய பொருள் முழுவதும் நமக்கு உரியதா என்னும் வினா இங்கு எழுகின்றது. இரும்பை வாங்கினால் வணிகருடன் நம் தொடர்பு முடிந்துவிடும். திறன் கருவியை வாங்குதல் அத்தகையதன்று. அது வீட்டை விலைக்கு வாங்கிவிட்டு, கதவின் சாவிக்கு மாதந்தோறும் வாடகை செலுத்துவதைப் போன்றதாகவும் அமையலாம்.

2012இல் நியூயார்க்கில் தோன்றிய பெலோட்டன் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அதன் டிரெட்மில் ஒன்றில் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் சிக்கிக்கொண்ட நிகழ்வுகள் எழுபதுக்கும் மேல் பதிவாயின; குழந்தை ஒன்று உயிரிழந்தது. 2021 மே மாதம் ஏறத்தாழ 1,25,000 கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர்ப் பாதுகாப்புக்காகக் கடவுச்சொற் பூட்டு ஒன்றை மென்பொருள் வழியே சேர்த்தபோது, அப்பூட்டு சந்தாதாரர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதனால் சந்தா செலுத்தாதோர், தாம் விலைகொடுத்து வாங்கிய கருவியில் வெறுமனே ஓடும் வசதியையும் இழந்தனர். கண்டனம் எழுந்த பின்னரே மூன்று மாதக் கட்டண விலக்கு அளிக்கப்பட்டது. அந்நிறுவனம் தன் கருவிகளுக்குப் பெறும் மாதச் சந்தா 39 டாலராக இருந்து, 2022இல் 44 டாலராகவும், 2025இல் 49.99 டாலராகவும் உயர்ந்தது. ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,000 டாலர் ஆகின்றது. கருவியின் விலை இதனுள் அடங்காது.

நிறுவனம் மனம் மாறினால் என்னாகும் என்பதற்கு மிரர் என்னும் கண்ணாடிக் கருவி எடுத்துக்காட்டு. சுவரில் நிலைக்கண்ணாடியாக நின்று, இயக்கியதும் பயிற்றுநர் உருவைக் காட்டும் அக்கருவி 2018இல் விற்பனைக்கு வந்தது. 2020இல் லூலுலெமன் என்னும் ஆடை நிறுவனம் அதனை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் அக்கருவியின் விற்பனையையே நிறுத்திவிட்டது. வாங்கும்போது நீடித்து நிற்பதாகத் தோன்றிய ஒன்று, ஐந்தாண்டுக்குள் கைவிடப்பட்ட பொருளாயிற்று.

எண்களும் தனியுரிமையும்

திரையில் தோன்றும் எண்களை வேதவாக்காகக் கொள்ளுதலும் தவறு. மணிக்கட்டில் அணியும் கருவிகள் பச்சை ஒளியைத் தோலின்மேல் பாய்ச்சி, குருதி உறிஞ்சியது போக மீளும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு நாடியைக் கணிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை ஐந்து விழுக்காட்டிற்கும் குறைந்த பிழையோடு அளந்தன. ஆனால் எரிந்த கலோரியைக் கணிப்பதில், மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைபட்டது. மிகத் தாழ்ந்தது 93 விழுக்காடு பிழைபட்டது. '300 கலோரி எரிந்தது' என்று திரை காட்டியதை நம்பி இரண்டு வடை கூடுதலாக உண்பவர் ஏமாறுவர் என்பது வெளிப்படை.

நம்முடைய எடை, நாடி, உறங்கும் நேரம், வீட்டில் இருக்கும் நேரம் ஆகியவை பிறர் கணிப்பொறியில் சேர்வதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஸ்ட்ராவா என்னும் செயலி, பயனர் ஓடிய பாதைகளைத் தொகுத்து உலக வரைபடமாக 2017இல் வெளியிட்டது. பாலைநிலங்களில் மறைவாக அமைந்திருந்த படைமுகாம்களின் இருப்பிடம் அதனால் புலப்பட்டமை 2018 சனவரியில் தெரியவந்தது. படைவீரர் காலையில் ஓடிய ஓட்டமே அவர்தம் இருப்பைக் காட்டிக்கொடுத்தது. நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. சட்டம் ஒருபுறம் இருக்க, எத்தகவலைக் கொடுக்கின்றோம் என்று அறிந்து கொடுத்தல் நம் கடமை.

இருவகையிலும் இடர் உண்டு

மரபுக் கருவி என்றாலே பழுதற்றது எனக் கொள்ளுதலும் பொருந்தாது. தகடுகளைக் கூட்டிக் குறைக்கும் வகையிலான போஃப்ளெக்ஸ் டம்பெல்களில், தூக்கும்போதே தகடு கழன்று விழும் இடர் கண்டறியப்பட்டது. 2025 ஜூன் மாதம் ஏறத்தாழ 38 இலட்சம் டம்பெல்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாயிற்று. அவற்றில் இணையமும் இல்லை, திரையும் இல்லை. கருவி எதுவாயினும் நகரும் உறுப்புகள் மிகுமிடத்துப் பழுதும் மிகும் என்பதே பாடம்.

டிரெட்மில் உள்ள இல்லங்களில் பாதுகாப்புச் சாவியின் கயிற்றை ஆடையில் மாட்டிக்கொள்ளாமல் ஓடுதல் ஆகாது. பயிற்சி முடிந்ததும் அச்சாவியைக் கழற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஓடுபட்டைக்கு அடியில் உரிய காலத்தில் சிலிக்கான் எண்ணெய் இடவேண்டும். விளம்பரங்களில் மோட்டாரின் உச்சத்திறனைப் பெரிதாக அச்சிடுவர். நாம் கேட்டறிய வேண்டியது தொடர்திறனையே.

தேர்வு செய்யும் முறை

எவ்வளவு பயிற்சி தேவை என்பதை முதலில் அறிந்தால், எக்கருவி தேவை என்பது தானே விளங்கும். உலகச் சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் மேற்கொள்ள வேண்டும் என்கின்றது. வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கின்றது. 65 அகவை கடந்தோர்க்கு, சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பல்வகைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள்களேனும் வேண்டும் எனவும் வலியுறுத்துகின்றது. இவற்றுள் எதற்கும் இணையம் இன்றியமையாததன்று என்பது கருதத்தக்கது.

ஆகவே வாங்குவோர் சில வினாக்களைத் தமக்குள் எழுப்புதல் நலம். பயன்படுத்தப் போகின்றவர் யார்? அவருக்குத் திரையை இயக்கத் தெரியுமா? சந்தா நின்றாலும், இணையம் அறுந்தாலும் கருவி இயங்குமா? மின்தடை ஏற்பட்டால் என்ன நிகழும்? பழுது பார்க்க நம் ஊருக்கு ஆள் வருவாரா? வீட்டில் அதற்கு இடம் உண்டா, அன்றித் துணி காயப்போடும் கொடியாக அது மாறிவிடுமா? கடைசி வினா நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். ஆனால் என் உறவினர் இல்லங்களில் ஈரத்துண்டு தாங்கி நிற்கும் சைக்கிள்களை நான் கண்டதுண்டு. அவற்றுள் திறன் சைக்கிளும் உண்டு, மரபுச் சைக்கிளும் உண்டு.

இவ்வினாக்களுக்கு விடைகண்டபின், கணினி பழகிய, போட்டிக்குப் பயிலும், சந்தாவைத் தாங்கும் வருவாயுள்ள இளைஞர் திறன் கருவியைத் தேர்வதில் தவறில்லை. முதியோர்க்கும், எளிய வருவாயினர்க்கும், மின்னிணைப்பும் இணையமும் நிலையில்லாத ஊரினர்க்கும் மரபுக் கருவியே ஏற்றது. இடைவழி ஒன்றும் உண்டு. எளிய காந்தச் சைக்கிளையோ டம்பெல்லையோ வாங்கி, அதன்முன் கைப்பேசியில் கட்டணமின்றிக் கிடைக்கும் பயிற்சிக் காட்சியை வைத்துக்கொள்ளலாம். இதில் ஆசானும் கிடைக்கின்றார். உடைமையும் நம்மிடமே இருக்கின்றது. பிறிதொரு நாள் அக்காட்சி மறைந்துபோனாலும் கருவி பயனற்றுப் போகாது.

என் இல்லத்துத் தேர்வு

என் தாயார்க்கு நாங்கள் வாங்கியவை மூன்றே பொருள்கள்: கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்று, ஒரு கிலோ டம்பெல் இரண்டு, ரப்பர்ப் பட்டை ஒன்று. அண்ணன் அனுப்பிய பணத்தில் பெரும்பகுதியை இயன்முறை மருத்துவர் வாரம் இருமுறை இல்லம் வந்து கற்பிப்பதற்குச் செலவிட்டோம். சைக்கிள் வாங்காதது குறித்து அண்ணனுக்கு முதலில் வருத்தமே. "நான் கேட்டதை விட்டுவிட்டு நாற்காலியா வாங்கினாய்?" என்று கடிந்துகொண்டார்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 நொடிகளில் எத்தனை முறை எழுந்து அமர முடிகின்றது என்பது கால்வலிமையை அறியும் எளிய சோதனை. 70 முதல் 74 அகவைப் பெண்கள் பத்து முறைக்கும் குறைவாக எழுவராயின், அவர்கள் விழுந்துவிடும் வாய்ப்பு மிகுதி எனக் கொள்வர். முதல் நாள் என் தாயார் எழுந்தது ஆறு முறை. நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் அந்த எண்ணை என் மகள் எழுதி வைத்தாள். நாடோறும் மாலையில், பாட்டியின் எதிரே அமர்ந்து எண்ணுவது அவளுடைய பணியாயிற்று. நான்கு மாதம் கழித்து அவ்வெண் பத்தாக உயர்ந்தது. எந்தச் செயலியும் அந்தக் கணக்கை வைத்திருக்கவில்லை. எந்த நிறுவனமும் அதனை அழிக்கவும் முடியாது.

மாடிப்படியின்மீது அவர்களுக்கு இருந்த அச்சம் முற்றும் நீங்கிவிட்டது எனச் சொல்லமாட்டேன். இன்றும் சுவரைப் பற்றிக்கொண்டே ஏறுகின்றார்கள். ஆனால் ஏறுகின்றார்கள். இவ்வாண்டு வற்றல் மீண்டும் மொட்டை மாடியிலேயே காய்ந்தது. விடுமுறையில் வந்த அண்ணன், அம்மாவோடு தாமும் நாற்காலியில் அமர்ந்து எழுந்து பார்த்தார். திரும்பிச் சென்றபின் தம் குடியிருப்பில் திறன் சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டதாகத் தெரிவித்தார். நாளெல்லாம் குளிரூட்டிய அறையில் அமர்ந்து பணிபுரியும் அவருக்கு அது தக்க தேர்வே.

முடிவுரை

மரபும் திறனும் ஒன்றற்கொன்று பகையல்ல. கருவியின் அறிவு வேறு, பயன்படுத்துவோரின் அறிவு வேறு. முன்னது பின்னதற்கு ஈடாகாது. எக்கருவியை வாங்கினும், அதனைப் பயன்படுத்துவோரின் தேவை, அது இயங்குதற்கு வேண்டுவன, அதன் உரிமை எவரிடம் உள்ளது என்னும் மூன்றையும் ஆராய்ந்து வாங்குவோமாக. கருவி வரும்வரை காத்திராமல், வீட்டிலுள்ள நாற்காலியைக் கொண்டே இன்று பயிற்சியைத் தொடங்கலாம். நம் இல்லத்து முதியோர் எதிரே அமர்ந்து எண்ணிச் சொல்ல ஒருவர் இருப்பாராயின், அதுவே அவர்களுக்கு வாய்க்கும் முதல் துணையாகும்.